மெருகு போட்டா எடை குறையும்

முதல்லயே என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். சொந்தமா கார் வச்சிருக்கறவங்க ஒரே ஒரு தடவையாவது தன் கையால வண்டிக்கு மெஷின் பாலிஷ் போட்டுப் பார்க்கணும். அப்படிப் போட்டவங்க ரெண்டாவது தடவை போட அவசரப்படவே கூடாது. என்னடா இது, முன்னுக்குப் பின் முரணா இருக்கேன்னு நினைக்காதீங்க. முதலாவதைச் செஞ்சு பார்த்தவங்களுக்கு ரெண்டாவது தானாப் புரியும்.

தங்கமணி இதைப் படிச்சா, "ரெண்டு நாள் பேஸ்மென்ட்லயே குடியிருந்ததுக்கு இப்படி ஒரு வியாக்கியானமா?"ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். வீட்டுல கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டா அப்புறம் எழுதறதுக்கு என்ன இருக்கு?

எங்க வண்டி 2018 மாடல் ஸ்விஃப்ட், கருநீலம். குர்காவ் தூசியில கருநீலம் வாங்கினவனுக்கு என்ன கதின்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகல்ல பார்த்தா பரவாயில்லை. ராத்திரி பேஸ்மென்ட் ட்யூப்லைட்டுக்குக் கீழ நிறுத்திப் பார்த்தா, பானட் முழுக்க சிலந்தி வலை பின்னின மாதிரி கீறல். ஒரு டீட்டெயிலிங் கடையில காட்டினேன். பேர் வேண்டாம். அந்தப் பையன் மொபைல் டார்ச்சை அடிச்சுக் காட்டி, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கற மாதிரி தலையை ஆட்டினான். "சார், இப்பவே கரெக்‌ஷன் பண்ணி 9எச் செராமிக் போடலைன்னா பெயின்ட் போயிடும்"னான். 28,000 ரூபாய். மூணு வருஷ வாரண்டியாம். யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன்.

யோசிச்சதுலயும் படிச்சதுலயும் தெரிஞ்சுக்கிட்டதை, கடைசியில நானே ஒரு மெஷினை வாங்கிப் போட்டதுல புரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

எதைத் தேய்க்கறோம்?

நம்ம ஊர்ல நகைக்கடையில பழைய சங்கிலியைக் கொடுத்து மெருகு போட்டு வாங்குவாங்க இல்லையா? எங்க பாட்டி போடவே விட மாட்டாங்க. "மெருகு போட்டா எடை குறையும்டா"ம்பாங்க. பளபளப்புங்கறது புதுசா எதையோ பூசறதால வரலை, இருக்கறதுல கொஞ்சம் தேய்ச்சு எடுக்கறதால வருதுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தது. கார் பாலிஷும் அதே சமாச்சாரம்தான்.

கார் தகட்டு மேல வரிசையா அடுக்கு இருக்கு. துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு, அதுக்கு மேல ப்ரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல கிளியர் கோட்னு ஒரு நிறமில்லாத பூச்சு. 1980-கள்ல இருந்து இந்த முறை உலகம் முழுக்கப் பரவிடுச்சு. நாலையும் சேர்த்தாலே பெரும்பாலான வண்டிகள்ல 100-லேர்ந்து 150 மைக்ரான்தான். அதுல மேல இருக்கற கிளியர் கோட் சுமார் 35-லேர்ந்து 50 மைக்ரான். ஒரு மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. உங்க தலைமுடி ஒண்ணைப் பிடுங்கிப் பாருங்க (இருந்தா). அது சுமாரா 70 மைக்ரான் இருக்கும். அதாவது நம்ம வண்டியோட மொத்தப் பளபளப்பும் ஒரு தலைமுடிப் பருமன்ல பாதியில உக்காந்திருக்கு. வெயில்ல இருந்து கலரைக் காப்பாத்தறதும் அதேதான்.

கீறல்னா என்ன? அந்த மெல்லிசுப் பூச்சுல விழுந்த பள்ளம். பாலிஷ்னா என்ன? பள்ளத்தை யாரும் நிரப்பறதில்லை. சுத்தி இருக்கற மேட்டைப் பள்ளத்தோட அடி வரைக்கும் இறக்கறோம். எவ்வளவு முரட்டுத்தனமாத் தேய்க்கறோமோ அதைப் பொறுத்து ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரான்லேர்ந்து நாலஞ்சு மைக்ரான் வரைக்கும் போகும். போனது போனதுதான். வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு தடவை ஃபுல் காம்பவுண்டிங்னு போட்டீங்கன்னா, ஒரு நாள் பானட்டும் கூரையும் வெளுத்து, தோல் உரியற மாதிரி உரிய ஆரம்பிக்கும். அப்புறம் மறுபடி பெயின்ட் அடிக்கறது தவிர வேற வைத்தியம் கிடையாது.

இதை அந்தக் கடைப் பையன் ஒரு வார்த்தை சொல்லலை. சொன்னா வருஷாந்திர பேக்கேஜை எப்படி விக்கறது?

வலை எப்படி வந்தது?

வட்ட வட்டமாத் தெரியுதே, யாரோ வட்டமாத் துடைச்சிருக்காங்கன்னு நினைப்போம். அது கண்ணு செய்யற வேலை. கீறல் எல்லாத் திசையிலயும் நேர்கோடாத்தான் இருக்கு. விளக்கு வெளிச்சம் வர்ற திசைக்குக் குறுக்கா இருக்கற கீறல் மட்டும் நம்ம கண்ணுக்கு மின்னும். அதனால விளக்கைச் சுத்தி வட்டமாத் தெரியும். டார்ச்சை நகர்த்துங்க, வட்டமும் கூடவே நகரும். வீட்டுல பழைய எவர்சில்வர் தட்டை ட்யூப்லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாருங்க, இதே வலை தெரியும்.

கீறினது எது? தூசி. தார் பாலைவனத்துக் காத்துல வர்ற மணல் தூசியில குவார்ட்ஸ் இருக்கு. அது கண்ணாடியையே கீறும். கிளியர் கோட்டோ ஒரு வகை பிளாஸ்டிக். காஞ்ச தூசி மேல துணியைப் போட்டு அழுத்தித் துடைச்சா, வழவழ உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

துடைக்கறது யாருன்னு உங்களுக்கே தெரியும். தில்லி, நொய்டா, குர்காவ், புனே, எந்த ஊர் அடுக்குமாடியா இருந்தாலும் விடிகாலையில ஒரு வாளித் தண்ணி, ஒரு பழைய துணியோட வர்றவர். எங்க டவர்ல வர்றவர் பீகார்ல கட்டிஹார் பக்கம். காலை அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்குள்ள இருபது வண்டி. ஒரு வண்டிக்கு மாசம் 600 ரூபாய். இருபது வண்டிக்கும் ஒரே வாளி. ஏழாவது வண்டியில தண்ணி மோர்க்குழம்பு மாதிரி ஆயிடும். என் வண்டி பதிமூணாவது.

இங்கதான் எனக்கும் நம்ம சனங்களுக்கும் கருத்து வேறுபாடு. கார் கீறலைப் பத்திப் பேச்சு வந்தாலே எல்லாரும் "இந்த பையா லோகமே இப்படித்தான்"னு அந்த ஆளைத் திட்டறாங்க. அவரை நிறுத்திடுங்கங்கறதுதான் முதல் யோசனையே. நான் ஒத்துக்க மாட்டேன். அஞ்சு நிமிஷத்துல ஒரு வண்டியைத் துடைச்சு முடிக்கணும்னு வச்சது நாம. பேஸ்மென்ட் மூலையில ஒரே ஒரு குழாய் வச்சது நம்ம சங்கம். தினமும் துடைச்சிருக்கான்னு கண்ணாடியில விரலை வச்சுப் பார்க்கறது நாம. தினமும் தண்ணி ஊத்திக் கழுவ நேரமும் கிடையாது, தண்ணியும் கிடையாதுன்னா, காஞ்ச தூசியைத் துடைக்காம அவர் வேற என்ன செய்வார்?

நான் செஞ்சது சின்ன விஷயம். ஆறு மைக்ரோஃபைபர் துணியும் ரெண்டாவதா ஒரு வாளியும் வாங்கிக் கொடுத்தேன். "தினமும் வேண்டாம் பாயி சாப். வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும். மத்த நாள் கண்ணாடி மட்டும். பணம் அதே பணம்"னு சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைச் சந்தேகமாப் பார்த்தார். வேலையைக் குறைச்சுட்டுக் காசைக் குறைக்காத ஆளை அவர் பார்த்ததில்லை போல. என் பக்கத்து பார்க்கிங்காரர்கிட்ட இதையே சொன்னேன். "தினமும் வராதவனுக்கு எதுக்கு முழுச் சம்பளம்?"னு கேட்டார். அவர் வண்டி முப்பது லட்சம். அதுல இருக்கற கீறலோட விலை மாசம் 300 ரூபாய்னு அவருக்கு எப்படிப் புரிய வைக்கறது?

நாமளும் பொழைக்க வந்தவங்க, அவரும் பொழைக்க வந்தவர். நாம ஏசி கோச்சுல வந்தோம், அவர் ஜெனரல் பெட்டியில வந்தார். ஊர்ப் பேச்சு தெரியாம முழிக்கறப்ப நமக்கு முதல்ல கைகொடுத்தவங்கள்ல இந்த மாதிரி ஆளுங்கதான் அதிகம். அதை மறந்துட்டு, கீறல் விழுந்தா மட்டும் "இவங்களே இப்படித்தான்"ங்கறது நல்லா இல்லீங்க.

மெஷின் கதை

பாலிஷ் மெஷின்ல ரெண்டு ஜாதி. ரோட்டரிங்கறது ஒரே அச்சுல விர்ருனு சுத்தும். பட்டறைகள்ல பார்த்திருப்பீங்க. வேலை சீக்கிரம் முடியும், சூடும் சீக்கிரம் ஏறும். ஓரத்துல ரெண்டு விநாடி அதிகமா நின்னா கிளியர் கோட்டைத் தாண்டி உள்ள போயிடும். அது கை பழகினவங்களுக்கு. இன்னொண்ணு டூயல் ஆக்‌ஷன். இது சுத்திக்கிட்டே தள்ளாடும், பூமி தானும் சுத்திச் சூரியனையும் சுத்தற மாதிரி. ரொம்ப அழுத்தினா சுத்தறது நின்னுடும், வெறுமனே அதிரும். அதுதான் நமக்கு வரம். முதல் தடவை போடறவங்க இதைத் தவிர வேற எதையும் கையில எடுக்காதீங்க. 8 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர்னு தள்ளாட்ட அளவு சொல்லுவாங்க. சின்னக் காருக்கு 8 தாராளம்.

எனக்கு மெஷின் 7,500 ரூபாய் ஆச்சு. பேட், பாலிஷ், கிளே, துணி எல்லாம் சேர்த்து இன்னொரு 4,500. பாலிஷ் எந்தக் கம்பெனின்னு கேக்கறவங்களுக்கு: பேர் தெரிஞ்ச கம்பெனி எதுவும் ஓகே. மெகுயர்ஸ்ங்கற பேரைப் பார்த்திருப்பீங்க. 1901-ல அமெரிக்காவுல இந்தியானா மாகாணத்துல மர பர்னிச்சருக்குப் பாலிஷ் காய்ச்ச ஆரம்பிச்ச குடும்பம் அது. 2013-ல 3எம் வாங்கிடுச்சு. பர்னிச்சர் பாலிஷ்லேர்ந்து வந்த தொழில்ங்கறதுலயே விஷயம் இருக்கு. தேய்க்கற கலை பழசு. காருக்குன்னு தனியா மந்திரம் ஒண்ணும் கிடையாது.

எப்படிச் செய்யறது?

நாள் பார்க்கணும். பஞ்சாங்கம் இல்லீங்க, வெயில். மே மாசம் தகடு தோசைக்கல்லா இருக்கும், பாலிஷ் அப்படியே காஞ்சு ஒட்டிக்கும். பிப்ரவரி, மார்ச், இல்லைன்னா அக்டோபர் கடைசி. திறந்தவெளி வேண்டாம், பேஸ்மென்ட்தான் உசத்தி. பிளக் பாயின்ட்டுக்குச் சங்கச் செயலாளர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. 900 வாட் மெஷின் ஆறு மணி நேரம் முழு வீச்சுல ஓடினாலும் ஆறு யூனிட்டைத் தாண்டாது. அதுக்குக் காசு கொடுத்துடறேன்னு சொன்னா அவரும் மறுக்க மாட்டார். வாட்ச், மோதிரம், பெல்ட் பக்கிள் எல்லாத்தையும் கழட்டி வச்சுடுங்க. வயரைத் தோள் மேல போட்டுக்குங்க. தரை ஈரமா இருந்தா மெஷினைத் தொடாதீங்க. மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி.

1. கழுவறது. ரெண்டு வாளி. ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல வெறும் தண்ணி. துணியை வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் ஷாம்பூவுல முக்கணும். கூரையில ஆரம்பிச்சுக் கீழ வரணும், ஏன்னா மண்ணு எல்லாம் கீழதான் இருக்கும். பாத்திரம் தேய்க்கற சோப்பு தினப்படிக் கழுவறதுக்கு வேண்டாம், ஆனா பாலிஷுக்கு முன்னாடி பழைய வாக்ஸை எடுக்க ஒரு தடவை போட்டா குத்தமில்லை.

2. கிளே. கழுவித் துடைச்ச பானட்டை ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டுத் தடவிப் பாருங்க. ரவை கொட்டின மாதிரி சொரசொரன்னு இருக்கும். பிரேக் துகள், தொழிற்சாலைப் புகை, மரத்துப் பிசின் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஷாம்பூ தண்ணியைத் தெளிச்சு, கிளே கட்டியை லேசா ஓட்டினா இதெல்லாம் வந்துடும். சப்பாத்தி மாவு மாதிரி அடிக்கடி மடிச்சு மடிச்சுப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கணும். கீழ விழுந்துச்சுன்னா எடுத்துத் தூசி தட்டி உபயோகிக்காதீங்க. தூக்கிப் போட்டுடுங்க.

3. டேப். கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, ரப்பர், லோகோ, தகட்டோட கூர்மையான விளிம்புகள், எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப். கறுப்புப் பிளாஸ்டிக்ல பாலிஷ் பட்டுக் காஞ்சா வெள்ளை வெள்ளையா நிக்கும். விளிம்புல பூச்சு எப்பவும் மெல்லிசு, அதனால அங்க மெஷின் போகவே கூடாது.

4. சோதனைத் தடம். இதுதான் முழுப் பதிவுக்கும் உயிர்நாடி. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒண்ணை மட்டும் எடுத்துக்குங்க. இருக்கறதுலயே மென்மையான பேட், மென்மையான பாலிஷ். பட்டாணி அளவுல நாலு பொட்டு. மெஷினை ஆன் பண்ணாமலே கொஞ்சம் தடவிட்டு, ஒண்ணாம் நம்பர் வேகத்துல பரப்பி, நாலாம் நம்பருக்கு ஏத்தி, விநாடிக்கு ஒண்ணு ரெண்டு அங்குலம்னு ஆமை வேகத்துல குறுக்கும் நெடுக்குமா நாலஞ்சு ஓட்டு. ஒவ்வொரு ஓட்டும் முந்தினதுல பாதியை மூடணும். துடைச்சுட்டு, தண்ணி கலந்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல ஒரு தடவை துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. போதும்னு தோணினா வண்டி முழுக்க அதே. போதாட்டி மட்டும் ஒரு படி முரடானதுக்குப் போகணும். முரட்டுல ஆரம்பிச்சு மென்மைக்கு வர்றது தப்பு.

அந்த ஆல்கஹால் துடைப்பை விட்டுடாதீங்க. நிறைய பாலிஷ்ல எண்ணெய் இருக்கு. சிலதுல பள்ளத்தைத் தற்காலிகமா மூடற சரக்கும் இருக்கு. பார்க்க ஜோராத்தான் இருக்கும். நாலு தடவை கழுவினதும் பழைய வலை மறுபடி எட்டிப் பார்க்கும். கடையில வண்டியை எடுக்கும்போது "ஒரு பேனலை என் கண் முன்னாடி ஆல்கஹால் போட்டுத் துடைச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. சந்தோஷமாச் செஞ்சு காட்டினா அவங்க வேலைக்காரங்க. முகம் மாறினா, அதுவே பதில்.

5. காப்பு. தேய்ச்சு முடிச்ச பூச்சு அம்மணமா இருக்கும். அது மேல வாக்ஸோ சீலண்டோ கட்டாயம். கர்னாபாங்கறது பிரேசில் நாட்டுப் பனைமர இலையில இருந்து எடுக்கற மெழுகு, கொஞ்ச மாசம் தாங்கும். செயற்கை சீலண்ட் அதை விடக் கூட நிக்கும். மெல்லிசாத் தடவிக் காய விட்டுத் துடைச்சா முடிஞ்சது.

எனக்கு மொத்தம் பதினோரு மணி நேரம் ஆச்சு. டார்ச் பிடிச்சது பையன். ஒன்பது வயசு. கதவுல ஒரு நீளக் கோடு. யாரோ சாவியால இழுத்தது. நகத்தை வச்சா நகம் மாட்டுது. வலையெல்லாம் போய் கதவு கண்ணாடியா ஆனப்பறமும் அந்தக் கோடு மட்டும் நின்னுச்சு.

"அப்பா, இன்னொரு தடவை தேய்ச்சா அதுவும் போயிடும்ல?"

"போயிடும்டா. அதுக்கப்புறம் அந்த இடத்துல மேல்பூச்சே மிச்சம் இருக்காது."

"அப்ப விட்டுடலாமா?"

விட்டுட்டோம். நகம் மாட்டற கீறலை பாலிஷ் போட்டு எடுக்கப் பார்க்கக் கூடாதுங்கறது இந்தத் தொழில்ல பால பாடம். நூத்துக்கு எழுபது சரியானா இறங்கிடணும். மிச்ச முப்பதை எடுக்கறேன்னு நிக்கறதுலதான் பூச்சு போகுது.

மெஷினைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறப்பதான் இது உறைக்குது. கடையில கொடுத்தா, அடடா புதுசு மாதிரி ஆயிடுச்சேன்னு வாங்கிட்டு வருவோம், அடுத்த வருஷமும் கொடுப்போம். நாமே தேய்ச்சா, வெள்ளை பேட்ல படியற அழுக்கைப் பார்க்கறப்ப, அதுல கொஞ்சம் நம்ம வண்டியும் இருக்குன்னு தெரியும். அப்புறம் கழுவற துணி மேல தானா மரியாதை வந்துடும்.

செராமிக் வேண்டாமா?

வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னத்துக்குக் காசு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். நல்ல செராமிக் கோட்டிங் தண்ணியை ஒட்ட விடாது, கழுவறது சுலபமாகும், வெயிலையும் பறவை எச்சத்தையும் ஓரளவு தாங்கும். அவ்வளவுதான். தடிமன் ஒரு மைக்ரான், கூடினா ரெண்டு மைக்ரான் கணக்குலதான். கல் தெறிச்சாத் தாங்காது. தூசித் துணியால துடைச்சா கீறலும் விழும்.

இந்த 9எச் விவகாரம்தான் பெரிய கூத்து. வைரம் 10, இது 9னு கடையில சொல்றாங்க. வைரம் 10ங்கறது மோஸ்னு ஒருத்தர் 1812-ல கனிமங்களுக்கு வச்ச அளவு. 9எச்ங்கறது பென்சில் கணக்கு. எச்பி, 2எச்னு டிராயிங் வகுப்புல வாங்குவோமே, அதே வரிசையில 9எச் பென்சில் கீறினாலும் கீறல் விழலைன்னு அர்த்தம். பென்சில் முனைங்கறது கிராஃபைட்டும் களிமண்ணும். நம்ம மணல் தூசிக்கு முன்னாடி அது எம்மாத்திரம்?

ஷோரூம்ல வண்டி எடுக்கறப்ப டெஃப்லான் கோட்டிங்னு ஒண்ணைத் தலையில கட்டுவாங்க. டெஃப்லான் உருகறதே 327 டிகிரி செல்சியஸ்ல. தோசைத் தவாவுல அது ஒட்டிக்கறதுக்குக் காரணம் அந்த அளவு சூட்டுல வாட்டி எடுக்கறதுதான். ஷோரூம் பின்னாடி துணியால தடவற சரக்கு எந்த அடுப்புல வாட்டினதுன்னு கேட்டுப் பாருங்க.

கல் தெறிக்கறதுக்கு நிஜமாவே பயந்தா, அதுக்குன்னு பாலியூரித்தேன் பிலிம் இருக்கு. 150-லேர்ந்து 200 மைக்ரான் தடிமன். விலை அதிகம். முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கலாம். அதுலயும் ஒரு கணக்கு போடுங்க. தில்லி சுத்துவட்டாரத்துல 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் கெடு வச்சது, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025-ல சில தளர்வு வந்தாலும் அந்த வயசைத் தொடற வண்டிக்கு இங்க விலை கிடைக்கறது கஷ்டம். எட்டு வருஷ டீசல் வண்டிக்கு நாப்பதாயிரத்துக்குச் சட்டை தைக்கறது யாருக்காக?

தண்ணியும் சந்தனமும்

2024 மார்ச்ல பெங்களூர்ல தண்ணிப் பஞ்சம் வந்தப்ப, குடிநீர்ல கார் கழுவினா 5,000 ரூபாய் அபராதம்னு அங்க குடிநீர் வாரியம் அறிவிச்சது. அதே வருஷம் மே மாசம் தில்லியில குழாய் வச்சுக் கார் கழுவறவங்களுக்கு 2,000 ரூபாய்னாங்க. நியாயம்தான். கீழ் வீட்டுல லாரித் தண்ணிக்குக் காத்திருக்கறப்ப மேல் வீட்டுக்காரர் கார் மேல குழாயைத் திருப்பறது பார்க்கவே அசிங்கமா இருக்கு. ரெண்டு வாளி முறைக்கு முப்பது, நாப்பது லிட்டர் போதும். அலச வேண்டியில்லாத ஷாம்பூன்னு வருது, அதுக்கு ஒரே வாளி. போர் தண்ணியா இருந்தா காய விடாம உடனே துடைச்சுடுங்க. உப்புத் திட்டு உக்காந்தா அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான்.

கடைசியா நம்ம வீட்டு விஷயம். ஆயுத பூஜைக்குப் பானட்ல மூணு பட்டை விபூதி, சந்தனம், குங்குமம். அழகாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வாரம் வெயில்ல விட்டா குங்குமச் சாயம் பூச்சுல இறங்கிடும். அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பொட்டு போகாது. கண்ணாடியில வைங்க. கண்ணாடிக்குள்ள எதுவும் இறங்காது. எங்க அம்மாகிட்ட போன்ல இதைச் சொன்னப்ப, "சாமிக்குக் கண்ணாடி என்ன, தகடு என்ன, வச்சாச் சரி"ன்னுட்டாங்க. பெரியவங்க அனுமதி வாங்கியாச்சு.

ஆக, நான் சொல்றது இவ்வளவுதான். மெஷினை ஆளுக்கு ஒண்ணு வாங்காதீங்க. நாலு குடும்பம் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. வருஷத்துல ஒரு நாள் எடுக்கறதுக்காக நாலு பரண்ல நாலு மெஷின் எதுக்கு? வண்டிக்கு ஒரு தடவை, மென்மையா, பொறுமையாப் போடுங்க. அப்புறம் அதை மூட்டை கட்டிட்டு, மிச்சமாகற காசுல காலையில துடைக்க வர்றவருக்கு நல்ல துணியும் ரெண்டாவது வாளியும் வாங்கிக் கொடுங்க. வேலையைக் குறைங்க, சம்பளத்தைக் குறைக்காதீங்க. வண்டி பளபளன்னு இருக்கறதுக்கு இதை விட மலிவான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

கொசுறு: மைக்ரோஃபைபர் துணியை வீட்டுத் துணியோட சேர்த்து மெஷின்ல போடாதீங்க, கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊத்தாதீங்க. தண்ணி உறிஞ்சறது நின்னு போயிடும். நம்ம கார்த் துணியைத் தன் புடவையோட சேர்த்துப் போட்டா தங்கமணி என்ன செய்வாங்கங்கறது தனிப் பதிவுக்கான விஷயம்.